அலங்காரக் கார்பன் ஃபைபர் துணி: ஒட்டுவதிலிருந்து கிளியர் கோட் வரை ஒரு வழிகாட்டி

பைக்கின் பக்கவாட்டு மூடி, கிடாரின் உடல், டேஷ்போர்டின் ஒரு துண்டு, மேசை விளக்கின் அடிப்பாகம் என ஏதோ ஒரு பொருளின் மேல் உண்மையான கார்பன் ஃபைபர் துணியை ஒட்டிப் பளபளப்பாக முடிக்க ஆசைப்படுகிறீர்கள். துணி விற்பவரிடம் கேட்டால் நெசவைப் பற்றிச் சொல்வார். துணியை ஒட்டி மூடும் பிசினான எபாக்ஸியை விற்பவர் கலவை விகிதத்தோடு நிறுத்திக்கொள்வார். பெயின்டருக்கு, கடைசியாக மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான தன் கிளியர் கோட் தெரியும், அதற்கு அடியில் இருப்பது தெரியாது. வேலை கெடுவது பெரும்பாலும் இந்த மூன்று பேருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான். அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் துருவித் தெரிந்துகொள்ள எனக்கு நிறையப் பொருளும் பொழுதும் போயிற்று. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கார்பன் இழையை வெயில் ஒன்றும் செய்யாது. மஞ்சளாவதும் மங்குவதும் மேலே சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுப்பதும் அதை மூடியிருக்கும் எபாக்ஸிதான். ஆகவே நாம் உண்மையில் காப்பாற்றப் போவது எபாக்ஸியை. அதற்கு மூன்று வேண்டும்: துணிக்கு மேல் போதிய தடிமன், முழுமையாக இறுகிய பிசின், அதற்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

1. பொருள் வாங்கும் முன் தாள்களை வாங்குங்கள்

ஒவ்வொரு எபாக்ஸிக்கும் தயாரிப்பாளர் இரண்டு தாள் வெளியிடுவார். ஒன்று தொழில்நுட்ப விவரத் தாள், மற்றொன்று பாதுகாப்புத் தாள். இவற்றைக் கொடுக்க முடியாத விற்பனையாளரிடம் பிசின் வாங்க வேண்டாம். தொழில்நுட்பத் தாளில் ஐந்து விவரங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்:

- கலவை விகிதம், அது எடைக் கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்பது
- கலந்த பிறகு எவ்வளவு நேரம் வேலை செய்யலாம், அது எந்த வெப்பநிலையில் சொல்லப்பட்டது என்பது
- அடுத்த கோட்டைத் தேய்க்காமலே பூசக்கூடிய கால எல்லை
- முழுமையாக இறுக ஆகும் நாட்களும், சூடேற்றி இறுக்கும் அட்டவணையும்
- இறுகிய பிசின் தாங்கும் வெப்பம்

எடையா கொள்ளளவா என்ற கேள்வியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பிசினின் அடர்த்தியும், அதை இறுக்கச் சேர்க்கும் ஹார்டனரின் அடர்த்தியும் வேறு. எடையில் 100-க்கு 30 என்று எழுதியிருந்தால், அளவுக் குவளையில் அதே 100-க்கு 30 ஊற்றுவது தவறு. டிஜிட்டல் தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்னொரு பொறி: சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது. பாலியெஸ்டர் பிசினில் ஊக்கியின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்ஸியில் அது நடக்காது. அங்கே ஹார்டனர் பிசினோடு அளவுக்கு அளவு வினைபுரியும் மறுபாதி. கூடினாலும் குறைந்தாலும் மிச்சப் பகுதி இறுகாமல் உள்ளேயே கிடந்து என்றைக்கும் மென்மையாகவே இருக்கும். வேகம் வேண்டுமென்றால் வேக ஹார்டனர் என்று தனியாக விற்பதை வாங்குங்கள்.

வாடிக்கையாளருக்காகச் செய்வதானால் மூன்றாவது தாள் ஒன்றை நீங்களே எழுத வேண்டும். எந்தப் பாகம், அதன் மூலப்பொருள் என்ன, நெசவு எந்தத் திசையில் ஓட வேண்டும், பளபளப்பா, மங்கலான மேட் பூச்சா, வெயிலில் நிற்குமா, எந்தத் துளைகளைத் திறந்து விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வேலைக்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்து, இருவரும் கையெழுத்திடுங்கள். இது அலங்காரத் தோல் மட்டுமே, பாகத்தின் வலிமைக்குப் பொறுப்பில்லை என்ற வரியை மறக்காதீர்கள்.

2. எதன் மேல் செய்யக் கூடாது

தலைக்கவசத்தைத் தொடாதீர்கள். கரைப்பான்களும் பிசினும் அதன் வெளி ஓட்டினை உள்ளிருந்து பலவீனமாக்கலாம், வெளியில் பார்த்தால் தெரியவே தெரியாது. ஏர்பேக் மூடியும் கூடாது. அது குறித்த இடத்தில் கிழிந்து திறக்க வேண்டிய பாகம்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஆன்டெனா, ஜிபிஎஸ், வைஃபை இருக்கும் மூடிகளை இதனால் மூடினால் சிக்னல் தடைபடும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்குகளில் எபாக்ஸி பிடிக்காது, சில நாளில் தோலாக உரிந்து வரும். பாகத்தின் உட்புறம் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பிபி, பிஇ என்று இருந்தால் அந்த வேலையை ஏற்காதீர்கள். புகைக்குழாய் அருகில் இருக்கும் பாகங்களுக்கு உயர்வெப்பப் பிசினும் சூளையும் வேண்டும், அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

அலுமினியத்தில் செய்யலாம், ஆனால் கார்பன் நேரடியாக உலோகத்தைத் தொடக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் பொடிந்து, மேலே உள்ள பூச்சு கொப்பளிக்கும். முதலில் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒன்றைப் பிசினில் நனைத்து ஒட்டி, அதன் மேல் கார்பனை இடுங்கள்.

3. அளவும் செலவும்

அலங்கார வேலைக்கு வழக்கமாக வாங்குவது சதுர மீட்டருக்கு 200 கிராம் வாக்கில் எடையுள்ள, 3கே, 2-க்கு-2 டுவில் நெசவுத் துணி. 3கே என்றால் ஒரு கற்றையில் 3000 இழைகள். சாய்கோடுகள் ஓடும் டுவில் நெசவு வளைவுகளில் நன்றாகப் படியும். பிளெயின் நெசவு விறைப்பானது, தட்டையான பரப்புக்கு ஏற்றது.

பிசின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 110 கிராம் பிசின் போகும். துணியை நனைக்க, துணியின் எடைக்குச் சமமாக 200 கிராம் வையுங்கள். அடிப்பூச்சு, மேலே ஏற்றும் கோட்டுகள், குவளையிலும் பிரஷ்ஷிலும் ஒட்டிப் போவது எல்லாம் சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று திட்டமிடலாம். கால் சதுர மீட்டர் வேலைக்கு ஐந்து கிலோ டப்பா வாங்கி வைத்தால் பணம் முடங்கும், திறந்த ஹார்டனர் நாளடைவில் நிறம் கறுக்கும், அது தெளிவான வேலைக்கு உதவாது.

துணியின் விலையைப் பார்த்து மலைக்கும் பலர், மற்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நைட்ரைல் கையுறை, பிரஷ், குவளை, பல தர உப்புத்தாள், முகமூடி வடிகட்டி, கறுப்பு நிறமி, கிளியர் கோட், பாலிஷ் என்று சில்லறையாகச் சேருவது துணியின் விலையைத் தாண்டிவிடும். எதில் மிச்சம் பிடித்தாலும் கிளியர் கோட்டில் பிடிக்காதீர்கள்.

4. மேற்பரப்பைத் தயார் செய்தல்

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அப்புறம்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் சிலிக்கோன் பாலிஷின் எச்சத்தைக் கீறல்களுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். அது பின்னால் கிளியர் கோட்டில் மீன்கண் போன்ற குழிகளாக எழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 120 அல்லது 180 எண் தாளில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) பளபளப்பு முழுவதும் போகும் வரை தேய்த்து, தூசியை நீக்கி, மறுபடி துடையுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அசிட்டோன் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

கூர்மையான விளிம்புகளை 3 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்டி விடுங்கள். கத்தி முனை போன்ற விளிம்பில் துணி நிற்காது. தூக்கிக்கொண்டு, அடியில் காற்று தங்கும்.

5. கறுப்பு அடிப்பூச்சும் துணியும்

பிசினில் கறுப்பு நிறமியைக் கலந்து ஒரு மெல்லிய கோட் பூசுங்கள். நெசவின் இடுக்குகள் வழியாகப் பழைய நிறம் எட்டிப் பார்க்காமல் இருக்க இதுதான் வழி. பூசியவுடன் துணியை வைக்க வேண்டாம். கையுறை விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதம் வந்த பிறகு வைத்தால் துணி நழுவாமல் நிற்கும், தவறினால் மெதுவாகத் தூக்கி மறுபடி வைக்கவும் முடியும்.

துணியை மடிக்காமல் உருளையில் சுற்றியே வைத்திருங்கள். வெட்டும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டினால் ஓரம் பிரியாது. எல்லாப் பக்கமும் 2 முதல் 3 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். வைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் பாவும் ஊடையும் கோணி, டுவிலின் சாய்கோடு வளைந்துவிடும். இறுகிய பிறகு இதைத் திருத்த வழியே இல்லை, யார் பார்த்தாலும் கண்ணில் முதலில் படுவதும் இதுதான். அதனால் இந்த இடத்தில் மட்டும் நிதானமாக, நாலு பக்கமும் நின்று பாருங்கள்.

துணியை நிறுத்த ஒட்டுப் பசை ஸ்ப்ரே அடிக்கலாமே என்று தோன்றும். அது தங்கிய இடத்தில் பிசின் ஊறாமல் சாம்பல் நிறத் திட்டு விழும். பிசினோடு சேரும் தன்மை உள்ளது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், மிகக் குறைவாக அடியுங்கள்.

6. பிசின் ஏற்றுதல்

அறை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் குறைவாக இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் வேகம் சுமார் இரு மடங்காகும். கலந்த பிசினைக் குவளையிலேயே விட்டுவைத்தால் அதன் சூடு அதிலேயே தேங்கிப் புகையும் அளவுக்குப் போகலாம். சிறு சிறு அளவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். மூன்று நிமிடமாவது கலக்குங்கள், குவளையின் சுவரிலும் அடியிலும் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கோட்டின் வேலை துணியை நனைப்பது மட்டுமே. பிரஷ்ஷை இழுக்காமல் செங்குத்தாகக் குத்திக் குத்தி ஊற விடுங்கள், இழுத்தால் நெசவு கலையும். குமிழிகளை ஹீட் கன்னால் ஒரு விரைவான வீச்சில் உடைக்கலாம். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் அடியிலிருந்து புதிய காற்று கிளம்பும். மரத்தின் மேல் செய்யும்போது, அறை குளிர்ந்து வரும் நேரத்தில் பூசுவது நல்லது. சூடு ஏறும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, நெசவுச் சந்திகளில் ஊசித்துளைகளை விட்டுப் போகும்.

முன்சொன்ன பிசுபிசுப்புப் பதம் வந்ததும் இரண்டாம் கோட், பின்பு மூன்றாவது. தேவைப்பட்டால் நான்காவது. கால எல்லைக்குள் பூசினால் கோட்டுகள் வேதி முறையிலேயே ஒன்றோடொன்று பிணையும். எல்லை தாண்டிவிட்டால் முழுக்க இறுக விட்டு, தேய்த்துப் பூச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைகுறை நிலையில் பூசுவதுதான் ஆபத்து.

இறுகிய பிறகு சில பிசின்களின் மேல் மெழுகு போன்ற படலம் ஒன்று நிற்கும். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. தண்ணீரும் சொரசொரப்பான பேடும் போதும், கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அதன் மேல் பூசுவது பிடிக்காது.

கையுறை இல்லாமல் பிசினைத் தொடாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், கரைப்பான் போட்டுத் துடைத்தால் அது பிசினை உள்ளே கொண்டுபோகும்.

7. சூடேற்றி இறுக்குதல்: பலரும் தாண்டிப் போகும் படி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, தொட்டால் கல்லாக இருக்கும். ஆனால் அதன் வினை முழுமையாக முடிந்திருக்காது, 50 முதல் 60 டிகிரி வாக்கில் அது மென்மையாகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்போ எளிதாக அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். அப்போது மிச்ச வினை நடந்து பிசின் சற்றே சுருங்கும். இழை இருக்கும் இடத்தில் சுருக்கம் குறைவு, நெசவுக் குழிகளில் பிசின் அதிகம் என்பதால் சுருக்கமும் அதிகம். விளைவு, சமமாகத் தேய்த்துப் பாலிஷ் செய்த பரப்பின் மேல் நெசவின் மேடுபள்ளம் மறுபடி எழுந்து நிற்கும். கொடுத்த அன்று பளிச்சென்று இருந்த பாகம் கோடை முடிவதற்குள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆகவே அந்தச் சுருக்கத்தைத் தேய்ப்பதற்கு முன்பே நடத்தி முடித்துவிட வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு நாளாவது இறுகிய பிறகு, தயாரிப்பாளரின் அட்டவணைப்படி மெதுவாகச் சூடேற்றுங்கள். அட்டவணை 50 அல்லது 60 டிகிரியில் சில மணி நேரம் என்று சொன்னால், மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றுங்கள், அதேபோல் மெதுவாக ஆற விடுங்கள். காப்புப் பலகையால் ஒரு பெட்டி, சிறிய வெப்பக்காற்று ஹீட்டர், உள்ளே ஒரு வெப்பமானி இருந்தால் வேலை நடக்கும். எரியக்கூடிய எதுவும் ஹீட்டரைத் தொடாமலும், ஆளில்லாமல் அது ஓடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் இதைச் செய்யக் கூடாது. அடியில் உள்ள பொருள் தாங்கும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். மரமானால் மரத்தின் ஈரம் கிளம்பிக் குமிழி வரும், அங்கே குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதே சரி.

பெட்டியிலிருந்து எடுத்ததும் பரப்பில் லேசான அலை தெரியலாம். நல்லதுதான். பின்னால் வரவேண்டியது இப்போதே வந்துவிட்டது.

8. தேய்த்தல்

தண்ணீரோடு, கட்டை வைத்துத் தேயுங்கள். 180 அல்லது 240-இல் தொடங்கி 400 வரை. பளபளக்கும் பள்ளம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, எல்லாம் ஒரே மங்கலாக வர வேண்டும். வழியும் நீர் பால் நிறத்தில் இருக்கும் வரை கவலையில்லை. கறுப்பு கலந்து வந்தால் இழையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நிறுத்திக் கழுவிக் காயவைத்து, அந்த இடத்தில் பிசின் ஏற்றுங்கள். விளிம்புகளில் இது மிக வேகமாக நடக்கும், கடைசியில் மட்டும் கையால் மெல்லத் தொடுங்கள். ஊசித்துளைகளைக் கிளியர் கோட் நிரப்பும் என்று நம்ப வேண்டாம். அவற்றைப் பிசினால் அடைத்து, இறுக விட்டு, மீண்டும் தேய்க்க வேண்டும்.

கார்பன் தூசி தோலில் பட்டால் அரிப்பெடுக்கும், மின்சாதனங்களுக்குள் போனால் ஷார்ட் ஆக்கும். உலர்வாகத் தேய்க்க நேர்ந்தால் நுண்துகள் முகமூடி கட்டாயம்.

9. கிளியர் கோட்

‘இந்த எபாக்ஸி புற ஊதாக் கதிரைத் தாங்கும், மேலே எதுவும் வேண்டாம்’ என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் அடித்துச் சொன்னார். அந்தப் பிசினின் தாளே வேறு சொன்னது: மஞ்சளாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெளியில் நிற்கும் எந்தப் பாகத்துக்கும் புற ஊதாத் தடுப்பு உள்ள, ஹார்டனர் சேர்க்கும் இரு கூறு பாலியூரித்தேன் கிளியர் கோட் வேண்டும். ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்ப்ரே டப்பா வண்டிக்கு உதவாது, பெட்ரோல் பட்டாலே கரையும்.

இதை ஒரு நல்ல பெயின்டரிடம் விடுவதே என் யோசனை. இந்தக் கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் வாசனை தெரிவதற்கு முன்பே நுரையீரலுக்குத் தீங்கு நேரும் அளவு உள்ளே போயிருக்கும், ஆஸ்துமாவே வரலாம். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடியும் காற்றோட்ட அறையும் இல்லாதவர் அதை அடிக்க வேண்டியதில்லை. அடியில் பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் இரு கூறு ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெயின்டரிடம் கொடுக்கும்போது இவற்றை எழுதியே கொடுங்கள்: அடியில் இருப்பது எபாக்ஸி. 400-க்குக் கீழான தாள் கூடாது. 600 அல்லது 800-இல் மங்கலாக்கிப் பூசவும். எத்தனை டிகிரியில் சூடேற்றி இறுக்கியது என்ற விவரம், அதற்கு மேல் சூடேற்றக் கூடாது என்ற குறிப்பு. கடைசி வரி மிக முக்கியம். பெயின்ட் அறைகளில் 60 டிகிரியில் உலர்த்துவது வழக்கம். 7-ஆம் படியைச் செய்யாமல் வந்த பாகம் அந்தச் சூட்டிலேயே நெசவைக் காட்டிவிடும்.

இரண்டு அல்லது மூன்று கோட் போதும். மேட் வேண்டுமென்றால் மேட் கிளியரையே அடிக்க வேண்டும், அதைப் பிறகு பாலிஷ் செய்ய முடியாது என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. துளைகள், ஓரங்கள், மறுபக்கம்

ஈரம் உள்ளே போவது பளபளக்கும் முகத்தின் வழியாக அல்ல, வெட்டிய ஓரத்தின் வழியாக. துளைகளைக் கிளியர் கோட்டுக்கு முன்பே போட்டு, உள்சுவரில் பிசின் பூசி ஈரம் புகாமல் மூடுங்கள். மறுபக்கம் திரும்பி வரும் துணி ஓரத்துக்கும் பிசின் பூச வேண்டும். துருப்பிடிக்காத எஃகு திருகுகள் சரி, அலுமினிய ரிவெட் வேண்டாம். திருகை இறுக்கும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள்.

11. எத்தனை நாள் கேட்க வேண்டும்

தயாரிப்பும் அடிப்பூச்சும் துணியும் முதல் கோட்டுகளும் ஒரே நாளில் முடியும், ஆனால் அது முழு நாள். அடுத்த நாள் இறுக விடுவதற்கு. மூன்றாம் நாள் சூடேற்றல். அதன் பின் தேய்த்தல், ஊசித்துளைகளை அடைத்தல், மறுபடி தேய்த்தல். இதற்கு இரண்டு மூன்று நாள் வையுங்கள், இங்கேதான் எல்லாக் கணக்கும் தவறும். கிளியர் கோட்டுக்கு ஒரு நாள், அது முழுக்க இறுக ஒரு வாரம். ஆக இரண்டு வாரம் என்று சொல்லுங்கள். மூன்று நாளில் வேண்டும் என்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கிளியர் இறுகிய பிறகு 1500, 2000, 3000 எண் தாள்களில் நீரோடு தேய்த்துப் பாலிஷ் செய்யலாம். மெழுகும் செராமிக் பூச்சும் போட ஒரு மாதமாவது போகட்டும். ஒவ்வொரு முறை அழுத்திப் பாலிஷ் செய்யும்போதும் வெயிலைத் தடுக்கும் படலமே தேய்கிறது, ஆகவே சும்மா சும்மா பாலிஷ் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் கிளியர் மங்கத் தொடங்கினால் உடனே தேய்த்துப் புதிதாக அடித்துவிடலாம், அடியில் உள்ள வேலை அப்படியே இருக்கும். அடியில் எபாக்ஸி மஞ்சளாகும் வரை விட்டுவிட்டால் அந்த மஞ்சளை நீக்க முடியாது, துணியோடு சுரண்டி எடுத்துவிட்டு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.